சறுக்குமரமா, படிக்கட்டா?

(டத்தோ கிராமாட்டில் ஒளிப்பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'அறம் பற்றிய விவாதங்களில் நாம் எங்கே தவறுகிறோம்?' என்பது. பெரிய தலைப்பு. இதை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே, இந்த மண்டபத்துக்கு வருவதற்கு முன்னால் பாடாங் பிரவுன் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள். ஒருவருடைய மகளுக்குச் சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. வருகிறேன் என்று பதில் சொல்ல இன்னும் சில நாள்தான் கெடு. தகப்பனார் அனுப்ப மறுக்கிறார்.

"இப்போ சபாவுக்கு விட்டா, அப்புறம் அங்கேயே வேலைன்னு சொல்லும். வேலைன்னா அங்கேயே யாரையாச்சும் பார்த்துக் கட்டிக்கும். கடைசியில நம்ம சாவுக்குக்கூட வந்து நிக்காது அண்ணே" என்றார் அவர். கேட்டுக்கொண்டிருந்த மூத்தவர் தலையை ஆட்டினார். "இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கிடுவாங்கன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஒரு பழமொழியையும் சேர்த்து வைத்தார்.

எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. சபாவில் படிப்பது நல்லதா கெட்டதா என்று அந்த மேசையில் யாரும் பேசவில்லை. படிப்பிலே தொடங்கி மூன்றே வாக்கியத்தில் சாவு வரைக்கும் வந்துவிட்டார்கள். நடுவில் அந்தப் பெண்ணைக் காணோம்.

இப்படிப்பட்ட வாதத்துக்குச் 'சறுக்குமர வாதம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரத்தில் மேலே உட்கார்ந்துவிட்டால் நடுவில் நிற்க முடியாது, நேரே தரைக்குத்தான் வர வேண்டும். முதல் அடியை எடுத்தால் அடுத்த அடி, அதற்கடுத்த அடி, கடைசியில் பெருங்கேடு. ஆகவே முதல் அடியையே எடுக்காதே என்பதுதான் இந்த வாதம். நம் வீடுகளிலும் கோவில் கூட்டங்களிலும் சங்கங்களிலும் நாடாளுமன்றத்திலும் தினம் கேட்கிறோம். இது எப்போது வெறும் பூச்சாண்டி, எப்போது உண்மையான எச்சரிக்கை? இதற்குத் தத்துவப் பாடத்தை விட வரலாறு நல்ல விடை சொல்கிறது. அந்த வரலாறு தமிழர்களாகிய நம்முடைய வரலாறாகவும் இருக்கிறது.

அறவண அடிகள் சொன்ன பாடம்

தருக்கம் என்றால் மேல்நாட்டுச் சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துப் பாருங்கள். பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டுவிட்டு வந்த மணிமேகலைக்கு, காஞ்சியில் அறவண அடிகள் தருக்கத்தையே பாடமாக நடத்துகிறார். இருபத்தொன்பதாவது காதை முழுக்க அதுதான். ஒரு வாதத்துக்கு மூன்று உறுப்பு வேண்டும். நாம் நிறுவ வந்த முடிவு பக்கம். அதற்கான காரணம் ஏது. முன்னே கண்ட சான்று திட்டாந்தம். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முடிவு. புகை தெரிகிறது என்பது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை நம் வீட்டு அடுப்படியில் பார்த்திருக்கிறோம் என்பது சான்று.

இந்த மூன்றிலும் உண்மையைப் போலவே தோற்றம் காட்டிப் பொய்யாக இருப்பவை உண்டு. அவற்றுக்குப் 'போலி' என்று பெயர். பக்கப் போலி மட்டுமே ஒன்பது வகை என்று கணக்குச் சொல்கிறது காப்பியம். ஏதுப் போலியில் 'அநைகாந்திகம்' என்று ஒரு பெரும் பிரிவு. ஒரு முடிவுக்கு மட்டும் உரியதாக நில்லாமல், அதற்கு எதிரான முடிவுக்கும் இடங்கொடுக்கும் காரணம் என்று அதற்குப் பொருள்.

ஒட்டுக்கடைப் பெரியவரின் வாதத்தை இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். பெண் வெளியூர் போகிறாள், ஆகவே திரும்பி வரமாட்டாள் என்கிறார். வெளியூர் போய்த் திரும்பாதவர்களும் உண்டு, போய்ப் படித்துவிட்டு வந்து பெற்றோரைத் தாங்குகிறவர்களும் உண்டு. உள்ளூரிலேயே இருந்துகொண்டு தாய் தகப்பனை எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு. 'வெளியூர் போகிறாள்' என்ற காரணம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. புகை என்று நாம் நினைத்தது மூடுபனியாக இருக்கலாம்.

இது ஒரு வீட்டு விவகாரம். இதே வாதம் நாட்டு விவகாரத்தில் நுழைந்தபோது என்ன நடந்தது?

பத்து வயதா, பன்னிரண்டு வயதா?

1890இல் கல்கத்தா நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. புல்மணி என்ற சிறுமி, பத்துப் பதினோரு வயது, தாலி கட்டிய கணவனாலேயே உடல் சிதைந்து இறந்துபோனாள். கணவனுக்கு வயது முப்பதுக்கு மேல். அன்றைய சட்டப்படி பத்து வயது முடிந்த மனைவியிடம் கணவன் நடந்துகொள்வது குற்றமே அல்ல. ஆகவே அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே.

அந்த வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்த 1891இல் அரசு மசோதா கொண்டு வந்தது. இரண்டே இரண்டு ஆண்டு. அதற்கு எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. கல்கத்தாவில் மாபெரும் கூட்டங்கள் கூடின. மதத்துக்கு ஆபத்து என்ற முழக்கம் கிளம்பியது. மராட்டியத்தில் பாலகங்காதர திலகரே எதிர்த்தார். அந்நிய அரசாங்கம் நம் சமூக வழக்கத்தில் சட்டத்தின் மூலம் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். இன்று படுக்கையறைக்குள் வரும் அரசு நாளை பூசையறைக்குள்ளும் வரும் என்ற அச்சம்தான் அந்த எதிர்ப்பின் உயிர்நாடி.

இந்த அச்சத்தை நாம் கேலி செய்யக் கூடாது. நாடு அடிமைப்பட்டிருந்தது. ஆட்சி செய்தவன் அந்நியன். அவன் கையில் எதைக் கொடுத்தாலும் அதை எப்படிப் பயன்படுத்துவானோ என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இறந்துபோன சிறுமிக்கு அந்த வாதத்தில் என்ன பதில் இருந்தது? ஒன்றும் இல்லை. நாளைய பூசையறையைப் பற்றிப் பேசிப் பேசி, நேற்று இறந்தவளை மறந்துவிட்டார்கள்.

மசோதா 1891 மார்ச்சில் சட்டமானது. அத்துடன் நின்றதா? நிற்கவில்லை. 1929இல் சாரதா சட்டம் வந்து பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு ஆக்கியது. 1949இல் அது பதினைந்தானது. 1978இல் பதினெட்டானது. நம் மலேசியாவிலும் முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்து, பதினெட்டு வயதைப் பொது விதியாக வைத்தது. பதினாறு முடிந்த பெண்ணுக்கு மட்டும் மாநிலத் தலைமை அமைச்சரின் தனி அனுமதி வேண்டும் என்றது.

1891இல் எதிர்த்தவர்கள் இதைப் பார்த்திருந்தால், 'பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே, சறுக்கிக்கொண்டே போய்விட்டதல்லவா?' என்றிருப்பார்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து, பதினெட்டு. உண்மைதான், ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த தம் மகளைக் கட்டிக்கொடுக்க இந்த அவையில் எத்தனை பேர் முன்வருவீர்கள்? அவர்கள் சறுக்குமரம் என்று சொன்னதைத்தான் நாம் படிக்கட்டு என்கிறோம். கீழே இறங்கிய மாதிரி அவர்களுக்குத் தெரிந்தது. நம் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தப் படியும் தானாக வரவில்லை. 1891க்கும் 1929க்கும் இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் புதிதாக விவாதித்து, புதிதாக வாக்களித்து, வேண்டும் என்று முடிவு செய்துதான் ஏறினார்கள். சறுக்குமரத்தில் அப்படி நின்று யோசிக்க இடம் இல்லை.

இன்று தேவதாசி, நாளை அர்ச்சகரா?

இப்போது சென்னைக்கு வருவோம். 1927 நவம்பர். சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு தீர்மானம் கொண்டு வருகிறார். கோவில்களுக்குப் பெண்குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது தீர்மானம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர், பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்மணி. அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்த இசைக் குடும்பத்து மரபில் வந்தவர். புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசியவர் அல்ல.

எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் எஸ்.சத்தியமூர்த்தி. தீரர் என்று நாடு போற்றியவர், காமராஜருக்கு அரசியல் குரு, பின்னாளில் சென்னை மேயர். சாதாரண மனிதர் அல்ல. அவர் வைத்த வாதங்களில் ஒன்று இதுதான்: இன்று ஒரு சாரார் வந்து கோவிலில் தேவதாசிகள் வேண்டாம் என்பார்கள், நாளை இன்னொரு சாரார் வந்து அர்ச்சகர்களே வேண்டாம் என்பார்கள். அப்புறம் எங்கே நிறுத்துவது?

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் இதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? பொட்டுக்கட்டுவதை ஏன் தடுக்க வேண்டும் என்றார் முத்துலட்சுமி? விவரம் அறியாத வயதில், தன் சம்மதம் இல்லாமல், ஒரு சிறுமியின் வாழ்நாள் முழுவதும் முடிவு செய்யப்படுகிறது என்பதால். இந்தக் காரணம் அர்ச்சகருக்குப் பொருந்துமா? பொருந்தாது. முதல் படியில் சொன்ன காரணம் இரண்டாம் படிக்குப் போகவே இல்லை. பிறகு இரண்டும் எப்படி ஒரே சறுக்குமரத்தில் இருக்க முடியும்? கோவிலில் இருக்கிறார்கள் என்ற ஒற்றுமை ஒன்றைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை. அறவண அடிகள் கேட்டிருந்தால் இதுவும் போலி என்றே சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் மேடைதோறும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அது புண்ணியமான தொழில் என்றால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்களேன் என்று முத்துலட்சுமி திருப்பிக் கேட்டாராம், சத்தியமூர்த்தி வாயடைத்துப் போனாராம். கைத்தட்டல் வாங்கும் கதை. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். அதுவும் ஒரு போலிதான். வாதத்தை விட்டுவிட்டு வாதிடுகிறவரின் குடும்பத்தைத் தொடுவது அது. முத்துலட்சுமி அம்மையாருக்கு அந்தக் கைத்தட்டல் தேவையில்லை. அவர் மருத்துவர். அவரிடம் இருந்தது உண்மை. உண்மை கையில் இருக்கும்போது ஆளைத் தாக்கவேண்டிய அவசியமே இல்லை.

அமுங்கிப்போன குரல்

அந்த விவாதத்தில் மூன்றாவது குரல் ஒன்றும் இருந்தது. சென்னையில் தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பொருளைக் கொட்டி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தவர்களில் ஒருவர். எங்களை எல்லாம் விபசாரிகள் என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள், எங்கள் கலையும் சொத்தும் பிழைப்பும் என்ன ஆவது என்பது அவர்கள் கேள்வி. எதிர்ப்பக்கத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நின்றார். அதே மரபில் வாழ்ந்து பார்த்தவர், இது ஒழிந்தே தீரவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர், 1936இல் நாவலாகவும் எழுதியவர்.

இந்த இரண்டு பக்கப் பெண்களும் பேசியது உண்மையான அறப் பிரச்சினை. சிறுமியின் உரிமை ஒரு பக்கம். வயதுவந்த கலைஞரின் வாழ்வாதாரம் இன்னொரு பக்கம். 'நாளை அர்ச்சகர் என்ன ஆவார்?' என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். 'நாளை நான் எதைச் சாப்பிடுவது?' என்று ஒருத்தி கேட்டாள். எந்தக் கேள்விக்கு அவை முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்?

பாதிப் பதில் கிடைத்தது. 1929இல் கொண்டுவந்த திருத்தம், கோவில் மானிய நிலங்களைச் சேவைக் கடமையிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. 1930இல் முத்துலட்சுமி பொட்டுக்கட்டுத் தடை மசோதாவையும் கொண்டு வந்தார். அதே ஆண்டு காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். சட்டம் நிறைவேறியது 1947இல். முதல் தீர்மானத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகள். 1927இல் ஏழு வயதாக இருந்த ஒரு சிறுமிக்கு 1947இல் இருபத்தேழு வயது. அவளுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? சறுக்குமர வாதத்துக்குக் கொடுக்கும் விலை இதுதான். 'நாளை என்ன ஆகுமோ' என்று நாம் தள்ளிப்போடும்போது, இன்று ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் பெரும்பாலும் அவையில் இருப்பதில்லை.

அர்ச்சகர் என்ன ஆனார்? 1970இல் தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கச் சட்டம் வந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமையை நீக்கலாம், ஆகம மரபை மீறக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். அதன் மீதும் வழக்குகள் நடந்தன. ஆக, அர்ச்சகர் விவகாரம் வரும் என்று சத்தியமூர்த்தி சொன்னது ஒரு வகையில் வந்தேவிட்டது. ஆனால் அர்ச்சகர் ஒழிந்தாரா? இல்லை. யார் அர்ச்சகர் ஆகலாம் என்பதுதான் மாறியது. அதுவும் பொட்டுக்கட்டுத் தடையால் வந்ததல்ல. வேறு ஒரு நியாயத்தை முன்வைத்து, வேறு ஒரு போராட்டத்தால் வந்தது. அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் தனியே வாதாடட்டும். அதற்காக 1927இல் ஒரு சிறுமியைக் காத்திருக்கச் சொன்னது நியாயமா?

எச்சரித்தவர்கள் சரியாகச் சொன்ன கதை

இதுவரை கேட்டவர்கள், யார் எச்சரித்தாலும் அது பூச்சாண்டி என்று இவர் சொல்கிறார் போலும் என்று நினைக்கலாம். இல்லை. நம் நாட்டிலேயே எதிர்க் கதை இருக்கிறது.

1960 ஜூலையோடு மலாயாவில் அவசரகாலம் முடிந்தது. அதன் இடத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுதான் நாம் எல்லோரும் அறிந்த ஐ.எஸ்.ஏ. விசாரணையின்றி அறுபது நாள் தடுத்து வைக்கலாம். பிறகு அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டு ஆண்டு. அதையும் மறுபடி மறுபடி நீட்டிக்கலாம். இது கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மட்டுமே பயன்படும் என்று அன்றைய அரசாங்கம் உறுதி சொன்னது. இன்று கம்யூனிஸ்டு, நாளை உங்களுக்குப் பிடிக்காத எவனும் என்று எதிர்க்கட்சியினர் எச்சரித்தார்கள்.

இதுவும் அதே அமைப்பிலான வாதம்தான். இன்று இது, நாளை அது. ஆனால் நடந்தது என்ன? 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அரசியல்வாதிகள், சமூகத் தொண்டர்கள், கல்வியாளர்கள். நாம் கூடியிருக்கும் இந்த டத்தோ கிராமாட் சட்டமன்றத் தொகுதி இன்று ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. அந்த ஜெலுத்தோங்கின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங். அவரும் பிடிபட்டவர்களில் ஒருவர். அவர் கம்யூனிஸ்டா? 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகளா? அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. அதற்குள் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

1927இல் சொன்ன எச்சரிக்கைக்கும் 1960இல் சொன்ன எச்சரிக்கைக்கும் என்ன வேறுபாடு? சறுக்குமரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஐ.எஸ்.ஏ. சட்டத்தில் அது சட்டப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. யாரைப் பிடிக்கலாம் என்பதை அமைச்சரின் மனநிறைவுக்கு விட்டுவிட்டார்கள். நீதிமன்ற விசாரணை என்ற தடுப்பு இல்லை. கம்யூனிஸ்டு என்ற எல்லை அமைச்சரின் பேச்சில் இருந்தது, சட்டத்தின் வாசகத்தில் கட்டுப்பாடாக இல்லை. வழுக்குவதற்கு வேண்டிய எல்லாமே முதல் படியில் போடப்பட்டிருந்தது. தேவதாசித் தடைச் சட்டத்தில் அர்ச்சகரைத் தொட ஒரு வரிகூட இல்லை. அந்தச் சறுக்குமரம் பேசியவரின் பேச்சில் மட்டும் இருந்தது.

மூன்று கேள்விகள்

ஆகவே 'இன்று இது, நாளை அது' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு எது தள்ளும்? சட்டத்தின் வாசகமா, பணமா, தடுப்பில்லாத அதிகாரமா? கையைக் காட்டிச் சொல்ல முடியுமா?

இரண்டாவது: கடைசியில் வரும் என்கிறீர்களே, அது உண்மையிலேயே கேடுதானா? அல்லது நமக்குப் பழக்கமில்லாதது மட்டும்தானா?

மூன்றாவது: முதல் படியை எடுக்காவிட்டால் யார் விலை கொடுக்கிறார்?

நம் தோட்டப்புற வரலாற்றில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். உழைத்த கூலி சாயங்காலமே கள்ளுக்கடையில் கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பது இன்னொன்று. போருக்குப் பிறகு, நமக்கு அடுத்த மாநிலமான கெடாவில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

கள்ளு வேண்டும் என்றவர்கள் சொன்ன வாதம் இதுதான்: கள்ளில் சத்து இருக்கிறது. கடையை மூடினால் தொழிலாளி சம்சுவைத் தேடிப் போவான், அது இன்னும் மோசம். மூன்று கேள்வியையும் கேட்போம். எது தள்ளும்? குடிப் பழக்கம் தள்ளும். ஆகவே இது வெறும் கற்பனை அல்ல. கடைசியில் வருவது கேடா? சந்தேகமில்லாமல் கேடு. சம்சு நம் ஆட்களைச் சீரழித்த கதையை எடுத்துச் சொல்லிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்திருக்கிறது. அப்படியானால் வாதம் சரியா? இங்கேதான் மூன்றாவது கேள்வி வேலை செய்கிறது. கடை திறந்திருக்கும்வரை விலை கொடுத்தது யார்? சம்பள நாளில் வெறும் கையோடு வரும் புருஷனைப் பார்த்து நின்ற மனைவி. பாலுக்கு அழுத பிள்ளை. கள்ளா, சம்சுவா என்று இரண்டே வழியைக் காட்டியவர்கள், மூன்றாவது வழியைச் சொல்லவே இல்லை. நல்ல கூலி, பள்ளிக்கூடம், படிப்பகம், சாயங்காலத்தில் போய் உட்கார ஓர் இடம். இருக்கும் வழிகளை மறைத்துவிட்டு இரண்டில் ஒன்று எடு என்பதும் போலிதான்.

ஆனாலும் சம்சு எச்சரிக்கையில் உண்மை இருந்தது. அப்படிப்பட்ட எச்சரிக்கைக்கு என்ன செய்ய வேண்டும்? முதல் படியைக் கைவிடக் கூடாது, படிக்குக் கைப்பிடி போட வேண்டும். கடையை மூடு, கூடவே கள்ளச் சாராயத்தையும் பிடி, குடியை விட்டவனுக்குத் துணையாக நில். 'வழுக்கும்' என்று ஒருவர் சொன்னால், 'சரி, எங்கே கைப்பிடி போடலாம்?' என்று கேட்பதுதான் பொறுப்பான பதில்.

நம் காலத்தில் அப்படி ஒரு கைப்பிடி போடப்பட்டதையும் பார்த்தோம். 2023இல் கட்டாய மரண தண்டனையை நம் நாடாளுமன்றம் நீக்கியது. அதுவரை சில குற்றங்களுக்குத் தீர்ப்பு தூக்கு என்றால் தூக்குதான். நீதிபதியின் கை கட்டப்பட்டிருந்தது. நீக்கினால் நாளை கொலைகாரனெல்லாம் வெளியே நடமாடுவான் என்று ஒரு பக்கம் பேசினார்கள். நீக்காவிட்டால் அரசு நாளை யாரை வேண்டுமானாலும் தூக்கில் போடும் என்று மறுபக்கம் பேசினார்கள். சட்டம் இரண்டு கோடிக்கும் போகவில்லை. மரண தண்டனை இருக்கட்டும், ஆனால் கட்டாயம் இல்லை, முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் கொடுக்கலாம், வழக்கைப் பார்த்து நீதிபதி முடிவு செய்யட்டும் என்றது. இது போதாது என்பாரும், இதுவே அதிகம் என்பாரும் இன்னும் வாதாடலாம். ஆனால் நடுவில் நிற்க இடமே இல்லை என்று சொன்ன இரண்டு பக்கமும் தவறு என்பது தெரிந்துவிட்டது.

மீண்டும் ஒட்டுக்கடை

அந்தப் பெரியவரிடம் நான் சும்மா இருக்கவில்லை. முன்பின் தெரியாதவர்தான். இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "ஐயா, பிள்ளை அங்கே போய்ப் படித்தால் ஏன் திரும்பி வராது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பயமா இருக்கு தம்பி. அது அம்மா போனதிலிருந்து வீட்டில நாங்க ரெண்டு பேருதான்" என்றார்.

அவ்வளவுதான். அவர் அடுக்கிய வேலை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இந்த ஒரு வரிதான். பயம் தருக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. திலகரிடமும் சத்தியமூர்த்தியிடமும் இருந்ததும் ஒரு விதத்தில் பயம்தான். நமக்கென்று இருப்பது போய்விடுமோ என்ற பயம். பயப்படுவது குற்றம் இல்லை. பயத்தைப் பயம் என்றே சொன்னால் அதற்கு வழி தேடலாம். வாரம் தவறாமல் போன் பண்ணு என்று சொல்லலாம். விடுமுறைக்கு வந்துவிடு என்று சொல்லலாம். அதையே 'ஒன்று விட்டால் எல்லாம் போய்விடும்' என்று தருக்கமாக மாற்றிவிட்டால், எதிரில் இருப்பவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். ஒட்டுக்கடையில் தோற்கவிருந்தது ஒரு பெண்ணின் படிப்பு. சென்னை அவையில் தோற்றது ஒரு தலைமுறைச் சிறுமிகளின் இளமை.

நான் கிளம்பும்போது அந்த மூத்தவர் தம் நண்பரிடம், "சபாவுக்கு டிக்கெட் என்ன விலை இருக்கும்னு பையன்கிட்ட பார்க்கச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகப்பனார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் போனாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மேசையில் முதல் முறையாக அவளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.